மாற்றலாம்... மறைக்கலாமா?

(என் கருத்து)



பழைய பொருளை வாங்கி, நம் இஷ்டத்துக்கு மாற்றி, பளபளன்னு ஆக்கி விற்பது சரியா, தப்பா? இதுதான் இந்த இதழில் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவது தப்பே கிடையாது. ஆனால் பழையபடி ஆக்க ஒரு வழி வைத்து மாற்ற வேண்டும். விற்கும்போது என்னென்ன மாற்றினோம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாங்குகிறவர் தலையில்தான் விடியும்.

எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று பாதிப் பேருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆம்! பைபாஸ் ரோட்டு ஷெட் வாசலில் நிற்கும் அந்தச் சிவப்புக் கார்தான்.

எந்தக் கார் அது?

சைக்கிளை நிறுத்தி அதைப் பார்க்காதவர்கள் நம் பள்ளியில் குறைவு. கூரை இல்லாத குட்டிக் கார். பெரிய கண் மாதிரி இரண்டு விளக்கு. புது அலாய் வீல், வெள்ளை ரெக்ஸின் சீட், மர நிறத்தில் டேஷ்போர்டு. முன்னால் ஒரு போர்டு: "கிளாசிக் கன்வர்ட்டிபிள் கார் விற்பனைக்கு. முழுவதும் கஸ்டம் செய்தது. விலை மூன்றரை லட்சம்." அவ்வளவுதான். வேறு ஒரு வரி கூட இல்லை.

நம்மில் பலர் அதை வெளிநாட்டுக் கார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறப்பால் அது வெளிநாட்டு வடிவம்தான். ஆனால் வளர்ந்தது நம்ம வண்டலூரில்! அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த விஷயம் தெரிந்த பிறகுதான் எனக்கு இதைப் பற்றி எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் மாமா அந்தக் காருக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று திட்டம். "ரெண்டு முகூர்த்த சீசன்ல போட்ட காசு வந்துடும்" என்று அவருக்கு யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றரை லட்சம் என்பது அவர்கள் வீட்டில் விளையாட்டுக் காசு இல்லை. ஆகவே இது வெறும் கார் பைத்தியத்தில் எழுதுகிற கட்டுரை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஹெரால்டின் கதை

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி, 1959-இல் "டிரையம்ப் ஹெரால்டு" என்ற சிறிய காரை வெளியிட்டது. அதன் வடிவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி. இத்தாலியில் டூரின் நகரத்துக்காரர்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்பெனிகள் தனிச் சேஸிஸ் இல்லாமல், உடம்பையே ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு டிரையம்புக்கு ஒரு சிக்கல். அவர்களுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கீழே ஒரு தனிச் சேஸிஸ். அதன் மேல் முன் பகுதி, நடுப் பகுதி, பின் பகுதி, கூரை என்று துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்த்துவிட்டார்கள்.

கஷ்டத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் அதனால் எத்தனை நன்மை பாருங்கள்!

* பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கமாக அப்படியே சாய்த்துத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண் முன்னால். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

* முன் சக்கரங்கள் அதிகம் திரும்பும். 25 அடி அகலம் இருந்தால், அதாவது சுமார் ஏழரை மீட்டர் இருந்தால், முழு வட்டம் அடித்துவிடும்.

* முக்கியமானது இதுதான். கூரையும் தனித் துண்டு. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலும் பின்பக்கமும் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் கூரை வந்துவிடும். எடையைத் தாங்குவது கீழே இருக்கும் சேஸிஸ். அதனால் கூரை இல்லாத மாடல் செய்வது அவர்களுக்குச் சுலபம். 1960-இலேயே துணிக் கூரை போட்ட கன்வர்ட்டிபிள் ஹெரால்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரும் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான்.

நம் ஊருக்கு வருவோம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனிக்குச் சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் அங்கே ஹெரால்டு தயாரிப்பு ஆரம்பித்தது. 948 சி.சி. பெட்ரோல் எஞ்சின். கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் இந்த மூன்றும்தான். நாலு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. அதை நம் ஆட்கள் இங்கே செய்தார்கள்! 1971 வாக்கில் ஹெரால்டு நின்று கெஸல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. அது எடுபடவில்லை. 1988-இல் கார் தயாரிப்பே நின்றுவிட்டது.

அதாவது, இனிமேல் ஒரு ஹெரால்டு கூடப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பதுதான் கணக்கு. அதில் ஒன்றை அறுத்தால் கணக்கில் ஒன்று குறைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்பேனரா, கட்டிங் மெஷினா?

எழுதுவதற்கு முன்னால் நேரில் கேட்டுவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் நல்ல மனிதர். நான் கேட்ட எதையும் அவர் மறைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, டாப்பை எப்படி எடுத்தீங்க?"

"கட்டிங் மெஷின் வெச்சு அறுத்துட்டோம் தம்பி."

"போல்ட் இருக்குமே அண்ணே?"

"இருந்துச்சு. துரு ஏறிப் போச்சு, கழல மாட்டேங்குது. அதோட மல்லுக்கட்டினா ரெண்டு நாள் ஆவும். அறுத்தா அரை மணி நேரம்."

"அறுத்த கூரை எங்கண்ணே?"

"அது அப்பவே காயலான் கடைக்குப் போயிடுச்சுப்பா. அதை வெச்சு என்ன பண்றது?"

எஞ்சினும் பழையது இல்லையாம். ஆம்னி வேனின் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றியிருக்கிறார்கள். பழைய எஞ்சினும் எடைக்குப் போய்விட்டது. மேலே போட வளைத்த பைப்பில் ஒரு சட்டமும் ரெக்ஸின் துணியும் உண்டு. மழை வந்தால் இரண்டு பேர் சேர்ந்து மாட்ட வேண்டும்.

நண்பர்களே, என் வாதம் இந்த உரையாடலுக்குள்ளேயே இருக்கிறது. ஹெரால்டு என்பது கழற்றுவதற்கென்றே வடிவமைத்த கார். துரு பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, ஸ்பேனரில் கழற்றியிருந்தால் கூரையை ஷெட் மூலையில் சாத்தி வைத்திருக்கலாம். வாங்குகிறவர் நாளைக்கே "எனக்குக் கூரை வேணும்ப்பா" என்றால் மறுபடி மாட்டிக் கொடுத்திருக்கலாம். இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போய் அறுபது வருஷம் தாங்கிய ஒரு பொருள் எடைக்குப் போய்விட்டது.

பழைய வண்டிகளுக்கென்று ஃபிவா என்ற உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. அது 2012-இல் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. டூரின் சாசனம் என்று பெயர். ஹெரால்டை வரைந்த மிக்கெலோட்டியின் ஊரும் அதே டூரின்தான்! பழைய வண்டியில் மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய விதத்தில் செய்யுங்கள், கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று அந்தச் சாசனம் சொல்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். புதுப் பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடலாம். வெட்டிவிட்டால் வெட்டியதுதான்!

செருப்பு டப்பா சோதனை

கூரை என்றால் வெயில், மழைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறோம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு செருப்பு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். அவ்வளவு லேசில் முறுங்காது. இப்போது மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். துணி மாதிரி வளையும். காரின் கூரை அந்த மூடி மாதிரி. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது கார் முறுங்காமல் பிடித்துக்கொள்வதில் அதற்கும் பங்கு உண்டு.

அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களில் தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்புதான் சேஸிஸ். அதில் கூரையை அறுத்தால் ஆபத்து அதிகம். கீழே கனமான இரும்புப் பட்டை கொடுத்துப் பலப்படுத்தாமல் அறுத்தால், நடு உடம்பு தொய்ந்து கதவு சரியாக மூடாது. ஹெரால்டில் சேஸிஸ் தனியாக இருப்பதால் அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் "சேஸிஸ் இருக்கு, கவலையே வேணாம்" என்பதும் பாதி உண்மைதான். சேஸிஸ் நல்ல நிலையில் இருக்கும்வரை அது சரி. அறுபது வருஷத்துத் துரு அதற்குள் எங்கே இருக்கிறது என்று புதுப் பெயிண்ட் சொல்லாது. பட்டி போட்டு, தேய்த்து, மேலே சிவப்பு அடித்துவிட்டால் ஓட்டையும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான்.

இன்னொன்று. ஹெரால்டின் பின் சக்கர அமைப்பு பழைய காலத்து முறை. வேகமாக வளைவில் திரும்பினால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி தூக்கிக்கொள்ளும் என்று இங்கிலாந்திலேயே குறை சொல்லியிருக்கிறார்கள். அந்த வண்டியில் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். பிரேக் என்னமோ அதே பழைய டிரம் பிரேக். சீட் பெல்ட் இல்லை. தலைக்கு மேல் கூரையும் இல்லை. மாப்பிள்ளையை வைத்து நடை வேகத்தில் போகும் வரைக்கும் பரவாயில்லை. ஊர்வலம் முடிந்து ராத்திரி பைபாஸில் திரும்பி வருவாங்களே, அப்போதுதான் எனக்குப் பயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

"கிளாசிக்" என்று போர்டில் போட்டிருக்கிறார்களே, அதற்கும் ஒரு விதி உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. சேஸிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்யாமல் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தாலும் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது.

இப்போது கணக்குப் போடுங்கள். பைபாஸ் காரில் கூரையும் போச்சு, எஞ்சினும் போச்சு. ஆகவே வி.ஏ. நம்பர் கிடைக்க வழியில்லை. சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கப் போனால், எஞ்சின் நம்பர் ஒத்துவரவில்லை, கூரை எங்கே என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு விட்டால் அது தனி வழக்கு. ரெண்டு முகூர்த்த சீசனில் காசு வந்துவிடும் என்று போட்ட கணக்கில் இதெல்லாம் வரவே இல்லையே!

இங்கிலாந்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. நாற்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை. பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. மாற்றியவர்களை அங்கே யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. சாதாரண ஹெரால்டைக் கன்வர்ட்டிபிள் ஆக்கியவர்கள் அங்கே நிறைய உண்டு. கம்பெனியே செய்த கன்வர்ட்டிபிளா, பிறகு மாற்றியதா என்று பார்க்க வண்டியின் எண் தகட்டில் கடைசியில் 'சி.வி.' என்ற எழுத்து இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள். இரண்டுக்கும் விலை வேறு. இரண்டையும் தெரிந்தே வாங்குவார்கள். என் ஆசையும் அதுதான். தெரிந்து வாங்கட்டும்!

"என் காசு, என் கார், என் இஷ்டம்"

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் என்னை வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன வாதங்களையும் எழுதுவதுதான் நியாயம்.

முதல் வாதம்: "அவர் மட்டும் எடுத்துச் செய்யலைன்னா அந்தக் கார் முழுசா காயலான் கடைக்குப் போயிருக்கும். பாதியாவது பிழைச்சுதே!" இது நல்ல வாதம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். சாமான் கிடைக்காது, பழைய எஞ்சினுக்கு பிஸ்டன் தேடி அலைய வேண்டும். ஓடுகிற எஞ்சினை ஏற்றி வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்ததில் உழைப்பு இருக்கிறது. அந்த அண்ணனின் டிங்கரிங் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். கதவு ஓரத்தில் எழுதுகோல் பிடித்து வரைந்த மாதிரி கோடு. ஆனால் பிழைக்க வைத்தவருக்கு நாம் நன்றி சொல்லலாமே தவிர, வாங்குகிறவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது வாதம்: "என் காசு, என் கார், என் இஷ்டம்." வைத்திருக்கும் வரைக்கும் சரி. விற்பனைக்கு என்று போர்டு வைத்த நிமிஷத்திலிருந்து அதில் இன்னொருவர் காசும் இன்னொருவர் உயிரும் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் என் இஷ்டம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம்: "கேட்டா சொல்றாரு இல்ல? கேக்காதது வாங்குறவன் தப்பு." இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நண்பனின் மாமாவுக்கு என்ன கேட்கணும் என்றே தெரியாதே! டாக்டரிடம் போகிறவன் எந்த மருந்து என்று தெரிந்துகொண்டா போகிறான்? தெரிந்தவர் சொல்ல வேண்டும். தெரியாதவர் கேட்கவில்லை என்பது தெரிந்தவருக்கு ஒரு சாக்கு ஆகக் கூடாது.

நாலாவதாக ஒருவன் சொன்னான்: "மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேணுமே, ஊர்ல அது இல்லாம எப்படி?" வேண்டும்தான்! மின் விளக்கு அலங்காரமும் நாதஸ்வரமும் பின்னால் உறவுக்காரங்களும், நடுவில் திறந்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்து வரும் அழகு எனக்கும் பிடிக்கும். அந்த அழகுக்காகவே கூரை போன கார்கள் உண்டு. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. திறந்த கார் வேண்டும் என்றால், போல்ட் போட்ட கூரை உள்ள காரில் போல்ட்டைக் கழற்றுங்கள் என்கிறேன். வாடகைக்கு விடுவதற்குரிய பதிவைச் செய்துவிட்டு விடுங்கள் என்கிறேன்.

போர்டு இப்படி இருந்தால்...

குறை சொன்னால் மட்டும் போதாது, வழியும் சொல்லணும் என்று எங்கள் தமிழ் ஐயா அடிக்கடி சொல்வார். ஆகவே அந்தப் போர்டை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விற்பனைக்கு. கூரை எங்கள் ஷெட்டில் அறுத்து எடுக்கப்பட்டது, பழைய கூரை இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் வேறு வண்டியுடையது, ரசீது உண்டு. ஆர்.சி.யில் இந்த மாற்றங்கள் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பழம்பெரும் வண்டிப் பதிவு கிடைக்காது. வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டுகிறோம். விலை பேசிக்கொள்ளலாம்."

இப்படி எழுதினால் விலை குறையுமே என்று கேட்கலாம். குறையட்டும். உண்மை தெரிந்ததும் குறைகிற விலை முதலிலேயே அதிகம் என்றுதானே அர்த்தம்? அதே நேரம், இதையெல்லாம் படித்துவிட்டும் "எனக்கு இந்தக் கார்தான் வேணும்" என்று ஒருவர் வருவார் பாருங்கள், அவர் அடுத்த மாதம் வந்து சண்டை போட மாட்டார். நாலு பேரிடம் அந்த ஷெட்டைப் பற்றி நல்லதாகச் சொல்வார்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க!

நாளைக்கு நம்மில் யாராவது பழைய பைக்கோ காரோ வாங்கப் போவோம். நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். வேண்டுமென்றால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் வண்டியில் தேடி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பெயிண்ட் மறைத்திருந்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு மறுபடி திறந்து மூடுங்கள். இடித்தால் உடம்பு முறுங்குகிறது என்று அர்த்தம்.

3. சிறிய காந்தம் ஒன்று கொண்டு போங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே இரும்பு இல்லை, கனமான பட்டிதான் இருக்கிறது.

4. அடியில் குனிந்து பாருங்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்!

5. கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். பதில் "காயலான் கடை" என்றால் விலையில் அதைக் கழியுங்கள்.

6. எதற்காக வாங்குகிறோமோ அதற்கு அந்த வண்டியைச் சட்டப்படி பயன்படுத்த முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் கேளுங்கள். காசு கொடுத்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

முடிவாக

வண்டலூரில் அந்தக் காரின் கூரையை உட்கார வைத்துப் போல்ட் முறுக்கியவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் இந்நேரம் தாத்தாவாகி இருப்பார், அல்லது இல்லாமலும் போயிருப்பார். ஆனால் பின்னால் வருகிற ஒருவன் அந்தப் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைத்துத்தான் அந்தக் காரை வடிவமைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவனை நினைத்து வேலை செய்வது என்பது பெரிய மரியாதை. வண்டியை மாற்றுகிறவரும் அதே மரியாதையை அடுத்தவருக்குக் கொடுக்கணும். விற்கிறவர் அதை எழுத்தில் கொடுக்கணும். கார் என்று இல்லை, வீடு, வண்டி, மாடு எதை விற்றாலும் இதுதான் நியாயம் என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தத் தாளை நண்பனின் மாமாவிடம் காட்டச் சொல்லி அவனிடம் ஒரு நகல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷெட் அண்ணனுக்கும் ஒரு நகல் கொடுப்பதாக இருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசுவது நமக்கு அழகில்லை அல்லவா?

என் கருத்தோடு ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக எதிர்த்து எழுதுங்கள். நூலக வாசலில் இருக்கும் நம் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் இதே இடத்தில் உங்கள் பதிலை ஒட்டுவதாக ஆசிரியர் குழு உறுதி கொடுத்திருக்கிறது. 



— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்